அம்மா விரல்ல முளைச்சிருக்கறது மருதானா?

பூக்கடை_பையன்:
அம்மாவுக்கு 52 வயசு, ஆள்காட்டி விரல்ல தோல் நிறத்துலயே கெட்டியா ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கு, வலி இல்ல ஆனா பூ கட்டும்போது நாரு அதுலயே போய் மாட்டுது. மெடிக்கல்ல குடுத்த மரு மருந்து தடவுனா மேல் தோல்தான் உரியுது. பக்கத்து வீட்டு அக்கா குதிரைமுடி கட்டச் சொல்றாங்க, கட்டலாமா?

செவத்தகாளை:
கட்டுங்க ப்ரோ, எங்க பாட்டி கழுத்து பாலுண்ணிக்கு அப்படித்தான் பண்ணுச்சு.

தோல்_ஓபி:
கழுத்துல தொங்குற பாலுண்ணி வேற இது வேற, முடியெல்லாம் கட்டாதீங்க. ஸ்கின் ஓபில வேலை பாக்குறதால சொல்றேன், மருன்னா மேல சொரசொரன்னு இருக்கும், லேசா சீவுனா உள்ள கறுப்பு புள்ளி தெரியும், அது ரத்தம் உறைஞ்ச குட்டி நாளங்கள். அம்மாவுக்கு அப்படி இல்லாம, அடியில சுத்தி தோல் வரம்பு கட்டுன மாதிரி எழும்பியிருக்கான்னு பாருங்க. இருந்தா டிஜிட்டல் ஃபைப்ரோகெரட்டோமாவா, அதாவது விரல்ல வர்ற நார்த்தசை மாதிரியான சாதாரண வளர்ச்சியா இருக்கலாம், 1968லதான் அதுக்கு இந்தப் பேரே வந்துச்சு. கேன்சர் கிடையாது, பெரும்பாலும் நடுவயசுல ஒண்ணே ஒண்ணுதான் வரும், கால் விரல்லயும் வரும். மரு மாதிரி வைரஸால வர்றதில்ல, அதனால ஒட்டாது, தானா உதிரவும் உதிராது. மேலாக்க வெட்டுனா திரும்ப முளைக்கும், மரத்துப்போக ஊசி போட்டு அடியோட எடுக்கணும். எடுத்ததை பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்க, நிறமில்லாத மெலனோமா, அது ஒரு வகை தோல் கேன்சர், சில நேரம் இந்த மாதிரி சாதுவா வந்து ஏமாத்தும்.

நகக்கண்:
நகத்தை ஒட்டி நிறைய முளைச்சா அது தனிக் கதை, டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ்னு ஒரு மரபணு நோய்ல அப்படி வரும், வலிப்பு வந்திருக்கா, மூக்கு கன்னத்துல சின்னச் சின்ன கட்டி இருக்கான்னு டாக்டர் கேப்பாங்க. கடைசி மூட்டு மேல பளபளன்னு உருண்டையா இருந்தா மியூக்கஸ் சிஸ்ட், உள்ள ஜெல்லி மாதிரி நீர், ஊசியால குத்தவே கூடாது, மூட்டு வரைக்கும் சீழ் பிடிக்கலாம். எனக்கு இருந்தது க்ளோமஸ்னு ஒரு குட்டிக் கட்டி, நகத்துக்கு அடியில, வெளிய ஒண்ணுமே தெரியாது ஆனா ஐஸ் தண்ணில கை வச்சா உயிர் போகும்.

பூக்கடை_பையன்:
நகத்துகிட்ட இல்ல, நடு மூட்டுக்குப் பக்கத்துல. கறுப்பு புள்ளி இல்ல, அடியில வரம்பு நல்லாவே தெரியுது. எந்த டாக்டர்கிட்ட போகணும்?

தோல்_ஓபி:
முதல்ல ஸ்கின் டாக்டர். ஜிஹெச்லயே பாக்கலாம். சுகர் இருந்தா, ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை எதாவது போட்டா, ஊசிக்கு முன்னாடியே சொல்லிடுங்க.