கிளினிக் கொப்பியை ஒழித்தால்தான் ஆஸ்பத்திரி திருந்துமா?

பழைய பதிவறை:
நேற்று கோட்டைமுனைத் தம்பி எழுதியதை வாசித்துவிட்டு எனக்கு இரவு நித்திரையில்லை. "மட்டக்களப்பு, அம்பாறை ஆஸ்பத்திரிகளை டிஜிட்டல் ஆக்கத் திட்டம் போடுவதென்றால் முதல் வேலை கிளினிக் கொப்பியை ஒழிப்பது" என்கிறார். நான் 27 வருடம் ஆஸ்பத்திரிப் பதிவறையில் இருந்தவன். சீனி வருத்தக்காரர் ஒருவருக்கு எந்த மருந்தைக் கூட்டினார்கள், எதைக் குறைத்தார்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் நோயாளி வீட்டில் வைத்திருந்து கிளினிக்குக்குக் கொண்டுவரும் அந்த 80 பக்கக் கொப்பியில்தான் இருக்கிறது. அதை ஒழிக்கச் சொல்கிறவர் ஒரு நாளாவது கிளினிக் வாங்கில் இருந்திருக்கிறாரா?

கோட்டைமுனை:
இருந்திருக்கிறேன் ஐயா, அம்மாவோடு. மாரி வெள்ளத்தில் அவரின் கொப்பி ஊறிப்போனது. அடுத்த கிளினிக்கில் "என்ன மருந்து குடித்தீர்கள்?" என்று கேட்டார்கள். "சின்ன வெள்ளைக் குளிசை" என்றார் அம்மா. வேறென்ன சொல்வார்? 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்தில் எத்தனை பேரிடம் கொப்பி மிஞ்சியது? தனிநபர் சுகாதார இலக்கம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. அதை அடித்தவுடன் ஆளின் முழு வரலாறும் திரையில் வரவேண்டும். கொப்பி போகத்தான் வேண்டும்.

பழைய பதிவறை:
2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. அன்றைக்கு உங்கள் திரையில் என்ன வந்திருக்கும்? கொப்பி கரண்ட் கேட்காது.

கோட்டைமுனை:
ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் இருக்கிறது.

பழைய பதிவறை:
டீசல் இருந்ததா? அந்த வருடம் நீங்கள் இந்த நாட்டில்தான் இருந்தீர்களா?

ஏறாவூர் நேர்ஸ்:
இரண்டு பேரும் கொப்பியை விட்டுவிட்டு வாட்டுக்குள் வந்து பாருங்கள். ஒரே விவரத்தை வாட்டு நோயாளியின் பதிவுத்தாளான டிக்கற்றில் எழுதுகிறேன், பிறகு பதிவேட்டில், பிறகு கணினியில். மூன்று தடவை. கணினி வந்தால் வேலை குறையும் என்று சொல்லித்தான் பயிற்சி தந்தார்கள். கடதாசியை நிறுத்தச் சொல்லி ஒரு கடிதம்கூட யாரும் அனுப்பவில்லை. எந்தப் பதிவேடு எந்தத் திகதியில் நிற்கும் என்று எழுதாத திட்டம் எனக்குத் திட்டமே இல்லை.

பழைய பதிவறை:
தங்கச்சி, கோபிக்க வேண்டாம். டிக்கற்றில் நீங்களும் டொக்டர்மாரும் ஒழுங்காக எழுதினால் பாதிப் பிரச்சினை தீரும். உள்நோயாளர் நோய், இறப்பு விவரத்தை இப்போது இணையத்தில் ஏற்றுகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது வெறும் "காய்ச்சல்" என்று எழுதியிருந்தால் பதிவறைக்காரன் என்ன செய்வான்? ஐ.சி.டி. பத்து என்ற சர்வதேச நோய்க் குறியீட்டுப் பட்டியலில் ஆர் 50 என்று போடுவான், காரணம் தெரியாத காய்ச்சல். டெங்குவாக இருந்தாலும் கணக்கில் டெங்கு வராது. எந்த மென்பொருள் வந்தாலும் இதுதான் கதை. ஆனால் கொப்பியில் டொக்டர் "டெங்கு" என்று தெளிவாக எழுதியிருப்பார்!

ஏறாவூர் நேர்ஸ்:
நோயின் பெயரை எழுதுவது நேர்ஸின் வேலை இல்லை. 27 வருடம் இருந்தவருக்கு அதுவும் தெரியாதா? இரவு வேலையில் வாட்டு நிறைந்து, தரையிலும் பாய் போட்டுப் படுத்திருப்பார்கள். அங்கே வந்து எழுத்தழகு பார்க்க வேண்டாம்.

கல்முனைக் காக்கா:
பெயரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. முகம்மது என்ற பெயரை எங்கள் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுவார்கள். ஒரு நாள் ஒரு விதம், அடுத்த நாள் வேறொரு விதம். ஓர் ஆளுக்கு மூன்று பதிவு. எனக்கு நடந்தது. ஊர் சொல்ல மாட்டேன். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பது ஒரு பதிவில் மட்டும் இருந்தது. வாப்பா சத்தம் போட்டபடியால்தான் ஊசி போடவில்லை. பெயரைத் தமிழில் பதியும் வசதி வேண்டும். தம்பி சொன்ன சுகாதார இலக்கத்தில் ஆஸ்பத்திரிக் குறியீடும், பிழையாக அடித்தால் பிடித்துக்கொடுக்கும் இலக்கமும் இருக்கின்றன. அட்டையில் பட்டைக்கோடு அடித்துக் கொடுத்தால் பெயரைத் தேடவே தேவையில்லை.

பழைய பதிவறை:
பாருங்கள், கொப்பியின் முதல் பக்கத்திலேயே ஒத்துக்கொள்ளாத மருந்தைச் சிவப்பு மையில் எழுதுவோம். கொப்பி இருந்திருந்தால் வாப்பா சத்தம் போட்டிருக்கத் தேவையில்லை.

கல்முனைக் காக்கா:
கொப்பி வீட்டில் இருந்தது ஐயா. விபத்தில் அடிபட்டவன் கொப்பியைத் தூக்கிக்கொண்டா வருவான்?

கோட்டைமுனை:
இதைத்தானே நானும் சொல்கிறேன்.

கல்முனைக் காக்கா:
நீங்கள் சொல்வது வேறு. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியை வைத்தே எல்லாத் திட்டமும் போடுகிறீர்கள். மட்டக்களப்புக்கு வந்த பிறகுதான் கல்முனைக்கு வரவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

கோட்டைமுனை:
மட்டக்களப்பில் இருப்பது போதனா ஆஸ்பத்திரி. அங்கே தொடங்காமல் வேறெங்கே தொடங்குவது?

படுவான்கரையான்:
வாவிக்கு அந்தப் பக்கம், வவுணதீவிலும் ஆட்கள் இருக்கிறார்கள். வெள்ளாப்பில் எழும்பி, பஸ் பிடித்து, வலையிறவுப் பாலம் தாண்டி வருகிறோம். "அட்டை இல்லையா? அங்கே போய் நில்" என்று திரும்பவும் ஒரு வரிசை. இலக்கம் வந்த பிறகு எங்களுக்கு ஒரு வரிசை கூடியதுதான் மிச்சம். கொப்பி என்றால் அம்மாச்சி முடிச்சில் கட்டிக்கொண்டு வருவா. கர்ப்பிணிப் பதிவையும் பிள்ளையின் தடுப்பூசிப் பதிவையும் தாய்மார் எத்தனை வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்?

பழைய பதிவறை:
சரியாகச் சொன்னீர்கள் மகன். அந்தப் பதிவுகளை யாராவது ஒழிக்கச் சொன்னார்களா? கிளினிக் கொப்பிக்கு மட்டும் என்ன வன்மம்? நாளைக்கு 19 வருடக் கொப்பி ஒன்றைப் படம் எடுத்துப் போடுகிறேன். ஒரு பக்கம் குறையாது.

கோட்டைமுனை:
படம் போட வேண்டாம் ஐயா. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைக் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய சிறப்பு வகையாகச் சொல்கிறது. யாருடைய கொப்பி அது? ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்ததா?

பழைய பதிவறை:
என் மனைவியின் கொப்பி. பதிவறையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசிகூட நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அந்தக் கேள்வியைத் திரும்பப் பெறுங்கள்.

கோட்டைமுனை:
கொப்பி இனி வேண்டாம் என்பதை நானும் திரும்பப் பெற மாட்டேன்.

ஏறாவூர் நேர்ஸ்:
எனக்கு இரவு வேலை. மூன்று இடத்திலும் எழுதப் போகிறேன்.

பழைய பதிவறை:
தம்பி, கேள்வி அப்படியே இருக்கிறது. திரும்பப் பெறுங்கள்.