காரைத் திருப்பிப் பார்க்கிறவர்கள்

மலேசியாவில் நிபோங் திபால் என்ற சின்ன டவுனில் உட்கார்ந்துகொண்டு பழைய பொம்மைக் கார் விற்க முடியுமா என்று என் மாமாவே கேட்டார். முடிகிறது மாமா. ஆறு வருஷமாக விற்றுக்கொண்டிருக்கிறேன். வார நாளில் வேறு வேலைக்குப் போகிறேன், சனி ஞாயிறு வந்தால் இரண்டு மடக்கு மேசை, ஒரு கறுப்புத் துணி, நான்கு பிளாஸ்டிக் பெட்டி எல்லாவற்றையும் காடியில், அதாவது என் வண்டியில், ஏற்றிக்கொண்டு எங்கே பொம்மைச் சந்தை நடக்கிறதோ அங்கே கிளம்பிவிடுவேன். ஈப்போவில் பழம்பொருள் சந்தை, பினாங்கில் ஏதாவது ஒரு பேரங்காடியின் கீழ்த்தளம், டிசம்பரில் கோலாலம்பூர். எங்கள் ஊர் டேவானில், அதாவது பொது மண்டபத்தில், வருஷத்துக்கு இரண்டு தடவை போடுவார்கள். இருபது மேசை வந்தாலே பெரிய விஷயம். ஆனால் எனக்கு மறக்கவே முடியாத ஆட்கள் எல்லாம் அந்தச் சின்னச் சந்தையில்தான் வந்தார்கள், அதனால் அவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் கரும்பு, அப்புறம் பால்மரம், இப்போது பார்க்கிற பக்கமெல்லாம் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை. தோட்டத்தை விட்டு வெளியே வந்து தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கியவர்கள்தான் டவுனில் பாதிப் பேர். லயத்து வீட்டிலிருந்து சாமான் ஏற்றும்போது எதைத் தூக்கிப் போட்டார்கள், எதைக் கட்டி எடுத்து வந்தார்கள் என்பது அவர்கள் என் மேசைக்கு வரும்போதுதான் தெரியும்.

ஒரு தடவை காலையில் கடை விரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரியவர் வந்து நின்றார். எழுபதுக்கு மேல் இருக்கும். கையில் துருப்பிடித்த ரொட்டி டின். "தம்பி, இதெல்லாம் வாங்குவீங்களாய்யா?" என்று மூடியைத் திறந்தார். உள்ளே பழைய வேட்டித் துணியில் சுற்றி ஐந்து கார். ஒன்றை எடுத்துத் திருப்பினேன். அடியில் லெஸ்னி, மேட் இன் இங்கிலாந்து. எனக்குக் கை லேசாக நடுங்கியது. பெரியவருடைய அம்மா தொரை பங்களாவில் ஆயாவாக இருந்தவராம். தொரை குடும்பம் சீமைக்குத் திரும்பும்போது அந்த வீட்டுப் பையன் விளையாடிய கார்களை ஆயாவின் பிள்ளைகளுக்கு என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இவருக்கு அப்போது எட்டு வயது.

"எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு பத்து வெள்ளி குடுத்தா போதும்யா" என்றார்.

பத்து வெள்ளியை, அதாவது பத்து ரிங்கிட்டை, கொடுத்திருக்கலாம். அவரும் சந்தோஷமாகப் போயிருப்பார், யாரும் என்னைக் கேட்டிருக்கப் போவதில்லை. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தேன். லண்டன் கம்பெனி லெஸ்னி 1953-இல் தொடங்கிய மேட்ச்பாக்ஸ் கார்கள் இவை, தீப்பெட்டி மாதிரி டப்பாவில் வரும், ஒன்றிலிருந்து 75 வரை எண் போட்டு விற்றார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சக்கரத்தைக் காட்டினேன். 1968-இல் அமெரிக்காவில் ஹாட் வீல்ஸ் என்ற பொம்மைக் கார் வந்தது, தள்ளிவிட்டால் பறக்கிற சக்கரம், அதற்கு ஈடு கொடுக்க 1969-இல் இவர்களும் வேகச் சக்கரத்துக்கு மாறினார்கள். இவருடைய ஐந்திலும் பழைய சக்கரம், அதாவது அந்த மாற்றத்துக்கு முந்தியவை. நான்கில் கறுப்புப் பிளாஸ்டிக், ஒரு லாரியில் மட்டும் சாம்பல் நிறம். கறுப்புக்கு முன்னால் வந்தது சாம்பல், அதைத் தேடுகிறவர்கள் அதிகம். டப்பா இல்லை, பெயின்ட் உதிர்ந்திருக்கிறது, அதனால் பெரிய விலை வராது, ஆனாலும் கறுப்புச் சக்கரம் ஒன்றுக்கு 40 வெள்ளி தருகிறேன், லாரிக்கு 150 தருகிறேன், நான் இதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் விற்பேன், அதுதான் என் லாபம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. லாரியை எடுத்து உள்ளங்கையில் வைத்து முன்னும் பின்னும் உருட்டினார். பின்பக்கம் ஒரு சக்கரம் கோணல், அது உருளாமல் இழுபட்டது. "இதை என் தம்பி மிதிச்சு வளைச்சான். இதுக்குத்தான் ரெண்டு பேரும் அடிச்சுக்குவோம்" என்றார். நான்கு காரை விற்றுவிட்டு, லாரியை அதே வேட்டித் துணியில் சுற்றி டின்னில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் போனதும் பக்கத்து மேசைக்காரர், "பத்து வெள்ளிக்கு முடிஞ்சிருக்கும் வேலையை விட்டுட்டியேண்ணே" என்றார். அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்: மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தால், முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் விலை பேசுவேன். என்னிடம் ஒருவர் சொல்லாமல் விட்டதால் நான் பட்டிருக்கிறேன்.

முதல் வருஷம் நடந்தது அது. வெளியூர்ச் சந்தை ஒன்றில் ஒருவர் 'சூப்பர்' என்று சொல்லி ஒரு ஹாட் வீல்ஸை 380 வெள்ளிக்குக் கொடுத்தார். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன், 1995 முதல் ஹாட் வீல்ஸ் சாதாரணக் கார்களுக்கு நடுவே குறைவான எண்ணிக்கையில் 'ட்ரெஷர் ஹன்ட்' கார்களைக் கலந்து விடுகிறது, 2007 முதல் அதற்கும் மேலே 'சூப்பர்' என்று ஒரு வகை உண்டு. சூப்பரில் பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில் இருக்கிற உலோகம் அந்த நிறத்தின் வழியாக மின்னும், சக்கரத்தில் உண்மையான ரப்பர் டயர். நான் வாங்கியதிலும் ரப்பர் டயர் இருந்தது, மினுமினுப்பும் இருந்தது. வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துத் திருப்பினேன். அடித்தகட்டைப் பிடிக்கிற ரிவெட் இரண்டும் குடைந்து, பசை வைத்து மூடியிருந்தது. சாதாரணக் காரைப் பிரித்து, சக்கரத்தை மாற்றி, மேலே வேறு பெயின்ட் அடித்துத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போது என் ஒரு மாசக் காடித் தவணையில் பாதிக்கு மேல் அது.

அந்தக் காரை நான் விற்கவே இல்லை. மேசையில் 'விற்பனைக்கு இல்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன். விலை கூடின சூப்பரை என்னிடம் யார் கேட்டாலும் முதலில் இந்தக் காரைக் கையில் கொடுத்து, ரிவெட்டைத் தடவிப் பார்க்கச் சொல்லி, அப்புறம்தான் என்னுடையதைக் காட்டுவேன். விரல் நகத்தை மெதுவாக ஓட்டினால் போதும், நல்ல ரிவெட் வழவழப்பாக ஒரே உருண்டையாக இருக்கும், குடைந்ததில் விளிம்பு தட்டும்.

கோலாலம்பூர் வேறு உலகம். காமிக் ஃபியஸ்டா என்கிற காமிக் ரசிகர் விழா 2002-இல் தொடங்கியது, பல வருஷம் டிசம்பரில் கே.எல்.சி.சி. மாநாட்டு மையத்தில் நடந்திருக்கிறது. நான் தனி மேசை எடுத்ததில்லை, ஒரு கூட்டாளியோடு பாதி இடம். இரண்டு நாளும் நிற்க நேரம் இருக்காது. வேஷம் கட்டிய பிள்ளைகள், அட்டையில் செய்த வாள், தலைக்கு மேலே உயரும் இறக்கை, எல்லாம் மேசை மூலையில் மோதும், அதனால் உயரமான பொருளை முன்னால் வைக்கக் கூடாது. அங்கேதான் ஒரு பெண் பிள்ளை போன தடவை என்னிடம் வாங்கிய ஜப்பான் பொம்மையைத் திரும்பக் கொண்டுவந்து, "அண்ணா, இது ஒட்டுது" என்று காட்டியது. தொட்டால் விரல் பிசுபிசுத்தது. எனக்கும் அப்போது தெரியாது. பி.வி.சி. பிளாஸ்டிக் மென்மையாக இருக்க அதில் ஒரு எண்ணெய் மாதிரிப் பொருள் கலப்பார்கள், நம் ஊர் வெயிலில், அதுவும் டப்பாவுக்குள்ளேயே அடைத்து வைத்தால், அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்து வரும். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பொம்மையை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதமான சோப்புப் போட்டுக் கழுவி, காற்றாட நிழலில் வைத்தேன். சரியாகிவிட்டது. இப்போது பழைய பி.வி.சி. எதை விற்றாலும் காடியில் விட்டுவிட்டுப் போகாதே, மாசம் ஒருதரம் டப்பாவைத் திற என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

கடை திறக்கும் முன்பே மொத்தமாக அள்ளி மூன்று மடங்கு விலை வைப்பவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கும் கோபம் உண்டு. அதை விட்டுவிட்டு அந்த அக்காவைப் பற்றிச் சொல்கிறேன், இதை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

எங்கள் டேவானில், மத்தியானம் கூட்டம் ஓய்ந்த நேரம். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும், மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் பெரிய பொம்மைகள் பக்கம் போய்விட்டான். அக்கா என் 'மூன்று கார் பத்து வெள்ளி' பெட்டி முன்னால் நின்றார். அட்டை இல்லாத, விளையாடிய கார்கள் கிடக்கிற பெட்டி அது. ஒரு நீலக் காரை எடுத்தார், எடுத்த வேகத்திலேயே திருப்பினார். சேகரிக்கிறவர்தான் போல என்று நினைத்தேன். ஆனால் எழுத்தைப் படிக்கவில்லை. கட்டைவிரலால் நாலு சக்கரத்தையும் தட்டினார், பக்கவாட்டில் சாய்த்து, கதவில் அச்சான எண்ணை வெளிச்சத்தில் பார்த்தார். "கோடு ஒரு நூல் இறங்கியிருக்கு. இதைத் தள்ளியிருக்கணும்" என்றார்.

"அக்கா, நீங்க சேர்க்கிறீங்களா?"

"சேர்க்கிறதா! பதினோரு வருஷம் பிறையில இதைத்தான்யா செஞ்சேன்."

பிறை என்ற ஊரில் ஹாட் வீல்ஸ் செய்கிற தொழிற்சாலை இருப்பது எனக்குத் தெரியும். அடியில் 'மலேசியா' என்று இருக்கிற காரைத் தினமும் கையில் பிடிக்கிறேன். ஆனால் அதைச் செய்தவரை என் மேசைக்கு எதிரே வைத்துப் பார்த்தது அன்றுதான். விடியற்காலை ஐந்தரைக்குத் தோட்டத்து முச்சந்தியில் ஃபேக்டரி பஸ் வருமாம், அந்தப் பஸ்ஸில் ஏறுகிற பாதிப் பேர் நம்மவர்களாம். அவர் இருந்தது அச்சுப் பகுதி. "மெத்துன்னு ஒரு ரப்பர் வந்து மையைத் தொட்டு எடுத்து, கார் மேல ஒத்திட்டுப் போகும். ஒரு நிறத்துக்கு ஒரு தடவை. ஒரு கதவையே எட்டு மணி நேரம் பாத்துக்கிட்டு நிப்பேன்" என்று என் கணக்கு நோட்டின் மேல் உள்ளங்கையை ஒத்தி ஒத்திக் காட்டினார்.

நான் அவருக்கு ஒன்று சொன்னேன். 2008 முதல் காரின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறி இருக்கும், எழுத்து வருஷத்தைச் சொல்லும், பக்கத்து எண் அந்த வருஷத்தில் எத்தனையாவது வாரம் என்று சொல்லும். ஏ என்றால் 2008, எல் என்றால் 2018. பதினோரு வருஷம் அங்கே இருந்தவருக்கு இது தெரியாது. "நாங்க மேல்பக்கம்தானே பாத்தோம்" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "அப்போ 2018 சனவரி இருக்குமா?" என்று கேட்டார். மகன் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்புச் சேர்ந்த மாசம். சீருடைக்கும் புத்தகப் பைக்கும் என்று நவம்பரிலிருந்தே ஓ.டி. (கூடுதல் நேர வேலை) செய்தாராம், பள்ளி திறந்த முதல் நாள் லீவு கிடைக்கவில்லை, பாட்டிதான் கொண்டுபோய் விட்டார்.

பெட்டியை மேசையில் கொட்டினோம். இருநூறு கார் இருக்கும். நான் லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகத் திருப்ப, அக்கா கைபேசி விளக்கைப் பிடித்தார். கே, எம், ஜே, திரும்பவும் எம். எல் வந்தால் 40, 27. முக்கால் மணி நேரம் ஆனது. பையனும் வந்து தேட ஆரம்பித்தான், கடைசியில் அவன்தான் கண்டுபிடித்தான். சிவப்பு வேன், கூரையில் கீறல், அடியில் மலேசியா, எல் 02. அக்கா அதை வாங்கிக் கதவில் இருந்த அச்சைத்தான் முதலில் பார்த்தார். "நேரா இருக்கு" என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காசு வேண்டாம் என்றேன். "செஞ்சதுக்கு நான் அப்பவே சம்பளம் வாங்கிட்டேன். நீ கடை போட்டிருக்க, வாங்கு" என்று ஐந்து வெள்ளியை மேசையில் வைத்தார். மீதி கொடுத்தால் வாங்கவில்லை.

அடுத்த சந்தையில் அவரோடு அதே பஸ்ஸில் போன இன்னும் நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் வார்ப்புப் பகுதி, இரண்டு பேர் அடித்தகடு பொருத்துகிறவர்கள், ஒருவர் அட்டையில் அடைக்கிறவர். கல்யாணமான வருஷம், வீடு வாங்கிய வருஷம், அப்பா தவறிய வாரம் என்று ஆளுக்கு ஒரு தேதி சொன்னார்கள். என்னுடைய வழக்கமான வாடிக்கையாளர்கள் இரண்டு பையன்கள் காத்து நின்று பார்த்து, பொறுமை இழந்து, அவர்களும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்கள். தகடு பொருத்துகிற அக்காவிடம் என்னுடைய அந்தப் போலி சூப்பரைக் கொடுத்தேன். ரிவெட்டை நகத்தால் தொட்ட உடனே, "இது நாங்க அடிச்சது இல்லை" என்றார்.

வருகிற மாசம் டேவானில் மறுபடி சந்தை இருக்கிறது. மூன்று லென்ஸ் வாங்கிவிட்டேன், பெட்டியையும் எழுத்துவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாண வாரம் கேட்ட அக்காவுக்கு ஜே 35 இன்னும் கிடைக்கவில்லை, யாரிடமாவது இருந்தால் எடுத்து வையுங்கள்.