அழுற பிள்ளையைத் தூக்கலாமா? முன்பள்ளி ரீச்சர்மாரின் அனுபவப் பகிர்வு

களுவாஞ்சிக்குடி:
புதுப் பிள்ளைகள் சேருற கிழமை. மூன்று வயசுப் பிள்ளை கேற்றுக் கம்பியைப் பிடிச்சு அழுது, சத்தியும் எடுத்துட்டு. புதுசா வந்த ரீச்சர் கையைப் பின்னால கட்டிக்கொண்டு நிக்கிறா. "தொட்டா தாய் தகப்பன் பிழையா நினைப்பாங்க" என்று அவவுக்குச் சொல்லி வைச்சிருக்காங்க. பிள்ளை கையை நீட்ட, அவ ஒரு அடி பின்னுக்குப் போனா. அந்த ஒரு அடிதான் மனசை விட்டுப் போகுதில்ல.

சாய்ந்தமருது:
மறைவில தொடுறதுக்குத்தான் பயப்படணும். குந்தி இருந்து "தூக்கட்டா மகள்?" என்று கேளுங்க. விறாந்தையில, நாலு பேர் காணுற இடத்தில, பக்கவாட்டா அணைங்க. இறங்கப் பார்த்தா உடனே விடணும். உடுப்பு நனைஞ்சா கதவு திறந்தபடி, மற்ற ரீச்சருக்குச் சொல்லிட்டு மாத்துங்க. கழற்றுறதைப் பிள்ளையே செய்யட்டும். உம்மா கூட்டிப்போக வரும்போதே விசயத்தைச் சொல்லி, கொப்பியில நேரமும் காரணமும் எழுதி ஒப்பம் வாங்குங்க. வீட்டுக்குப் போய்ப் பிள்ளை வாயால முதல்ல கேட்டா சந்தேகம் வரும்தானே. பிள்ளைக்கு யாரோ கெடுதல் செய்திருக்காங்க என்று உண்மையாவே சந்தேகம் வந்தா சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு எடுக்கணும், மூடி வைக்கக்கூடாது.

அக்கரைப்பற்று:
சாய்ந்தமருதுத் தாத்தா (அக்கா), நீங்க சொல்றது ரெண்டு ரீச்சர் இருக்கிற இடத்துக்குச் சரி. ஒராள் மட்டும் உள்ள முன்பள்ளியில யார் பார்க்கிற?

இந்தப் பயம் அணைக்கிறதோட நிக்கல்ல. ஒரு பாலர் பாடசாலையில சறுக்கீஸை (சறுக்கு மரத்தை) கயிற்றால கட்டி வைச்சிருந்தாங்க, யாரோ விழுந்த பிறகு. பிள்ளைகள் சுற்றி நின்று அந்தக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாங்க. உயரம், வேகம், கூர்மையான சாமான், தண்ணி நெருப்புக்குக் கிட்ட, மல்லுக்கட்டு, தனியாப் போய் ஒளியிறது என்று நோர்வேயின் ஆய்வாளர் எலன் சாண்ட்செட்டர் 2007இல் ஆபத்து கலந்த விளையாட்டை ஆறாப் பிரிச்சவ. பிள்ளை தேடுறதே இதுகளைத்தான். கட்டி வைச்சா மதிலில ஏறும்.

கட்டாம என்ன செய்யலாம்? 4 அடி உயரச் சறுக்கீஸுக்குக் கீழ 9 அங்குலம் இளகின மணல் வேணும், சுற்றிவர 6 அடிக்கு. நம்மட கரையில மணலுக்கா பஞ்சம்? ஆனா மாரி மழையில இறுகிப்போகும், வெயில் வந்ததும் மண்வெட்டியால கிளறணும். இறங்கிற இடத்திலதான் குழி விழும், ஒவ்வொரு நாளும் இழுத்து நிரப்புங்க. கம்பி இடைவெளி மூன்றரை அங்குலத்துக்கும் 9க்கும் இடையில இருந்தா தலை மாட்டும். கழுத்துச் சால்வை, பட்டி வைச்ச தண்ணிப் போத்தல் கழற்றினாப் பிறகே ஏறட்டும்.

களுவாஞ்சிக்குடி:
மணல் கதை நல்லம். ஒராள் மட்டும் உள்ள இடத்துக்கு, தாய்மாரை முறை போட்டு ஒவ்வொருவரா விறாந்தையில இருத்தலாம். சேர்க்கிற அன்றைக்கே "அழுதா தூக்குவோம், இப்படித்தான் தூக்குவோம்" என்று தாய் தகப்பனுக்குச் செய்து காட்டுங்க. அந்தப் புது ரீச்சரும் பக்கத்தில நின்று பார்க்கட்டும்.