பரங்கிக்கொடி திடீரென்று வாடுகிறது, அடித்தண்டில் ஓட்டை: காப்பாற்ற முடியுமா?

ஜெர்சி_கொல்லை:
வணக்கம். நியூ ஜெர்சியில் வீட்டுக்குப் பின்னால் பரங்கியும் ஜூக்கினியும் போட்டிருக்கிறேன். ஜூன் கடைசி வரை அருமையாக ஓடிய கொடி இப்போது மதிய வெயிலில் துவண்டு விழுகிறது. முதலில் சாயங்காலம் நிமிர்ந்துவிடும், இன்று காலையிலேயே வாட்டம். தண்ணீரெல்லாம் ஒழுங்காகத்தான் விடுகிறேன். மண்ணை ஒட்டி அடித்தண்டில் ஒரு ஓட்டை, அதிலிருந்து ஈரமான மரத்தூள் மாதிரி மஞ்சளாக ஏதோ தள்ளியிருக்கிறது. பரங்கியில் பிஞ்சு பிடித்திருக்கிறது, பிடுங்க மனசே வரவில்லை. என்ன செய்யலாம்?

மண்வெட்டி:
தண்டு துளைப்பான்தான், அந்தத் தூள் புழுவின் எச்சம். வட அமெரிக்காவில் ராக்கி மலைகளுக்குக் கிழக்கே பூசணி போடும் பலரையும் படுத்தும் பூச்சி இது. தாய்ப்பூச்சி பகலில் பறக்கும் அந்து, வயிறு ஆரஞ்சு, அதில் கறுப்புப் புள்ளிகள், பார்த்தால் குளவி என்றுதான் நினைப்போம். அடித்தண்டில் பழுப்பு நிறத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு முட்டையை ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போகும். ஒரு வாரம், பத்து நாளில் பொரிந்து, புழு நேராகத் தண்டுக்குள் போய்விடும். அப்புறம் வெளியே எதைத் தெளித்தாலும் அதன் மேல் படாது.

உடனே செய்ய வேண்டியது இது. கூர்மையான பிளேடால் ஓட்டையிலிருந்து தண்டை நீளவாக்கில் கீறுங்கள், குறுக்கே வெட்டிவிடாதீர்கள். உள்ளே வெள்ளையாக, பழுப்புத் தலையோடு தடித்த புழு இருக்கும், எடுத்து நசுக்குங்கள். ஒரே தண்டில் நாலைந்துகூட இருக்கும், தூள் தெரிகிற இடமெல்லாம் பாருங்கள். பிறகு கீறிய இடத்தை ஈர மண்ணால் மூடி, கொடி ஓடும் வழியில் கணுக்கள் மேலும் மண் அணையுங்கள். பரங்கி கணுவில் வேர் விடும், அடித்தண்டு போனாலும் கொடி அந்த வேரைப் பிடித்துக்கொண்டு பிழைக்கும். ஜூக்கினி கொடி ஓடாமல் புதராக நிற்கும் ரகம் என்பதால் அதற்கு இந்த வசதி கிடையாது.

கோடைத்தோட்டம்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. கீறுவதற்கு முன் ஓட்டை, தூள் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வெள்ளரி வண்டு பரப்பும் பாக்டீரியா வாடல் நோயிலும் கொடி இப்படித்தான் துவளும், ஆனால் தண்டில் ஓட்டை இருக்காது, அதற்கு வைத்தியமும் கிடையாது.

அடுத்த வருஷத்துக்கு என் யோசனை, ரகத்தை மாற்றுங்கள். ஜூக்கினி, ஹப்பர்ட் பூசணி எல்லாம் இந்தப் புழுவுக்கு விருந்து. பட்டர்நட் பூசணி இனத்தை, அதாவது மொஸ்காட்டாவை, அவ்வளவாகத் தொடாது, தண்டு கெட்டி. நம் ஊர்ப் பரங்கி பெரும்பாலும் இந்த இனம்தான்! உங்களுடையது கடையில் வாங்கிய ஹாலோவீன் பூசணி விதையா, ஊர் விதையா?

ஜெர்சி_கொல்லை:
ஹாலோவீன் பூசணி விதைதான் அக்கா. காலையில் கீறிப் பார்த்தேன், பரங்கியில் இரண்டு புழு, எடுத்துவிட்டு மண் அணைத்தாயிற்று. ஜூக்கினி அடித்தண்டு முழுக்கக் கூழாகிவிட்டது, அது போனதுதான். அடுத்த வருஷம் வலைத்துணி போட்டு மூடினால் வராதா?

மண்வெட்டி:
வராது, ஆனால் அதே பாத்தியில் போடக்கூடாது. கொடியைத் தின்று முடித்த புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டிக் குளிர்காலத்தைக் கழிக்கும், அடுத்த கோடையில் அங்கிருந்தே அந்து கிளம்பும். பழைய பாத்தியை வலையால் மூடினால் பூச்சியையும் செடியையும் சேர்த்து அடைத்த கதைதான். புது இடத்தில் போட்டு, ஓரமெல்லாம் மண் வைத்து அழுத்துங்கள். பெண் பூ வந்ததும் வலையை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தேனீ வராமல் காய் பிடிக்காது. ஜூன் மத்தியிலிருந்து ஒரு மஞ்சள் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வையுங்கள், அந்த நிறத்துக்கு அந்து வந்து விழும். ஒன்று விழுந்தாலே சீசன் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், தினமும் அடித்தண்டைத் தடவிப் பார்த்து முட்டையை நகத்தால் சுரண்டிவிடலாம்.

ஜூக்கினி மட்டும் வேண்டுமென்றால் ஜூலை தொடக்கத்தில் விதையுங்கள். உங்கள் பக்கம் வருஷத்துக்கு ஒரு தலைமுறைதான், செடி வளர்வதற்குள் அந்து ஓய்ந்துவிடும்.

கோடைத்தோட்டம்:
செத்த ஜூக்கினியைக் கம்போஸ்ட்டில் போடாதீர்கள், உள்ளே புழு மிச்சம் இருக்கும். இன்றே பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.