பாஹா கலிபோர்னியா: சிறு கப்பலா, கரை முகாமா?

செம்பவாங் மகன்
வணக்கம். வரும் பிப்ரவரி கடைசியில் அப்பா அம்மாவை சிங்கப்பூரிலிருந்து மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்துக்குக் கூட்டிப் போக நினைக்கிறேன். பாலைவனம் நேராகக் கடலில் இறங்கும் இடம். சாம்பல் திமிங்கிலங்கள் குட்டி போட வருவது அங்கேதான். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அறுபது எழுபது பேர் மட்டும் ஏறும் சிறு கப்பலில் ஒரு வாரம் கரையோரமாகவே போவது. இன்னொன்று, சான் இக்னாசியோ காயலோரம் கூடார முகாமில் மூன்று இரவு தங்கி, உள்ளூர் மீனவர் படகில் போவது. கப்பலுக்குப் பல மடங்கு வெள்ளி ஆகும்.

அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 63. அப்பா 31 வருடம் கப்பல் பட்டறையில் வெல்டர். எத்தனையோ கப்பலைப் பழுது பார்த்தவர், ஒன்றில்கூடப் பயணம் போனதில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

அலைவாசி
தம்பி, கப்பலிலேயே போங்கள். 2023 மார்ச்சில் லா பாஸ் நகரில் ஏறி ஒரு வாரம் போய் வந்தவன் நான். முதல் நாள் விடியலில் எஸ்பிரித்து சாந்தோ தீவு பக்கம் நின்றோம். சிவப்புப் பாறை, அதன்மேல் வீட்டு உயரத்துக்குக் கார்தோன் கள்ளி, அடியில் பச்சைத் தண்ணீரில் கூழைக்கடாக்கள் தொப் தொப்பென்று விழுகின்றன. நம் கண்ணுக்குக் கடல் என்றால் தென்னை, அலையாத்தி. கள்ளியும் கடலும் ஒரே பார்வையில் வந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

லொரேட்டோ அருகே நீலத் திமிங்கிலம் பார்த்தோம். அது விட்ட மூச்சு மரம் மாதிரி எழுந்து நின்றது. சாந்தா கத்தலினா என்று ஒரு தீவு. வாலில் கிலுக்கே இல்லாத கிலுகிலுப்பை விரியன் உலகத்திலேயே அங்கு மட்டும்தான் உண்டு. அந்தத் தீவுகளுக்கெல்லாம் சாலை ஏது? முகாமில் இருந்தால் ஒரு காயலைப் பார்ப்பீர்கள், கப்பலில் போனால் ஒரு கரை முழுவதையும் பார்க்கலாம்.

உபின்காரி
அண்ணன் சொல்வது எல்லாம் உண்மை. ஆனால் அந்த ஒரு காயலைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1857இல் சார்லஸ் ஸ்கேமன் என்ற அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவனின் ஆட்கள் இந்தக் கரையின் காயல்களுக்குள் புகுந்து வேட்டை தொடங்கினார்கள். குட்டியோடு இருந்த தாய்கள் படகுகளை அடித்து நொறுக்கின. அதனால் வேட்டைக்காரர்கள் வைத்த பெயர் ‘பேய் மீன்’. அந்தப் பயம் உள்ளூர் மீனவர்களிடமும் நூறு வருடத்துக்கு மேல் தங்கியிருந்தது. 1972இல் சான் இக்னாசியோ காயலில் பச்சீகோ மயோரல் என்ற மீனவரின் படகை ஒரு திமிங்கிலம் நெருங்கி வந்தது. விலகாமல் பக்கத்திலேயே கிடந்தது. கடைசியில் அவர் கை நீட்டித் தொட்டார். இன்று அங்கே நடக்கும் திமிங்கிலப் பயணம் எல்லாம் அந்தக் கையிலிருந்து தொடங்கியது என்றுதான் சொல்வேன்.

அந்த ஊர்க் குடும்பங்கள்தான் இன்றும் படகு ஓட்டுகின்றன. பாங்கா என்பார்கள், திறந்த மோட்டார் படகு. ஒரே நேரத்தில் இத்தனை படகுதான், இவ்வளவு நேரம்தான் என்று கணக்கு உண்டு. அதே காயலில் மெக்சிகோ அரசும் மிட்சுபிஷியும் சேர்ந்து பெரிய உப்பு ஆலை கட்டப் பார்த்தன. பெரும் எதிர்ப்புக்குப் பிறகு 2000ஆம் ஆண்டு அதிபர் செடில்லோ அதைக் கைவிட்டார். அந்தக் காயல் பிழைத்து நிற்க அங்கே குடும்பங்கள் சம்பாதிக்க வேண்டும். முகாமுக்குக் கொடுக்கும் பணம் நேராக அங்கே போகிறது. கப்பல் கட்டணத்தில் எத்தனை காசு அந்தக் கரையில் இறங்கும்?

இரவில் கூடாரத்துக்குள் படுத்தபடியே திமிங்கிலம் மூச்சு விடுவதைக் கேட்டேன். அதைக் கப்பல் அறையில் கேட்க முடியாது.

அலைவாசி
தங்கச்சி, கப்பல் திமிங்கிலத்தைத் துரத்துவதில்லை. மக்தலேனா விரிகுடாவில் நங்கூரம் போட்டதும் அந்த ஊர் பாங்காக்காரர்கள்தான் வந்து எங்களை ஏற்றிப் போனார்கள். அவர்களுக்கும் கூலி உண்டு.

அப்புறம், 63 வயது அம்மாவை நினைத்துப் பாருங்கள். சான் இக்னாசியோ ஊரிலிருந்து காயலுக்கு வண்டியில் குலுங்கிப் போக வேண்டும். ராத்திரி கடுங்குளிர், கழிப்பறை கூடாரத்துக்கு வெளியே. முட்டிவலி உள்ளவருக்கு இது சின்ன விஷயமில்லை.

மணல்மேடு
யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். போகத்தான் வேண்டுமா?

சாம்பல் திமிங்கிலங்கள் 2016இல் ஏறக்குறைய 27,000. 2025 கணக்கெடுப்பில் சுமார் 13,000. கோடையில் அவை மேய்வது ஆர்க்டிக் கடலடிச் சேற்றில். கடற்பனி குறையக் குறைய அங்கே இரை குறைகிறது. பட்டினியோடு 8,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி வந்து, குட்டி போட்டு, பால் கொடுத்துவிட்டு, திரும்பவும் பட்டினியாகவே வடக்கே போகின்றன. அந்தப் பனி உருகக் காரணமான புகையை விட்டுக்கொண்டு நாம் லாஸ் ஏஞ்சலிஸ் வரை மட்டும் 14,000 கிலோமீட்டர் பறக்கிறோம். எதற்கு? மெலிந்து கிடக்கும் ஒரு தாயைத் தடவிப் பார்க்க.

2015இல் ஜூரோங் பக்கம் ஒரு எண்ணெய்த் திமிங்கிலம் செத்து ஒதுங்கியது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ‘ஜூபி லீ’ என்று பெயர் வைத்து லீ கோங் சியான் அருங்காட்சியகத்தில் எலும்புக்கூட்டை வைத்திருக்கிறார்கள். அதன் முதுகில் கப்பல் அடித்த காயம், வயிற்றில் பிளாஸ்டிக். என் மகளை அங்கே கூட்டிப் போனேன். அவள் அரை மணி நேரம் நகரவில்லை.

உபின்காரி
அண்ணா, உங்கள் எண்ணிக்கைகள் சரி. என் மனமும் அதில்தான் கிடக்கிறது. ஆனால் பார்க்க வரும் ஆள் இல்லையென்றால் மீனவர் எதைப் பிடித்துப் பிழைப்பார்? அதே தீபகற்பத்தின் தென்முனைப் பக்கம் காபோ புல்மோ இருக்கிறது. மீன் குறைந்துபோன ஊர். மீனவக் குடும்பங்களே முன்னின்று கேட்டு 1995இல் தேசியப் பூங்கா வந்தது. வலையை விட்டுவிட்டு முக்குளிப்பவர்களைக் கூட்டிப் போனார்கள். 1999க்கும் 2009க்கும் இடையில் மீன்களின் மொத்த எடை 463 சதவீதம் கூடியது. விருந்தாளி வராமல் அந்த ஊரால் அது முடிந்திருக்காது.

தொடுவதைப் பற்றிச் சொன்னீர்களே, அது என்னையும் உறுத்துகிறது. நான் தொட்டேன். அதுவாகத்தான் வந்தது, குட்டியை முன்னால் விட்டுக்கொண்டு வந்தது. தோல் ஈரமான ரப்பர் மாதிரி இருந்தது, நடுவில் சொரசொரவென்று ஒட்டுண்ணிகள். அன்று அழுதேன். இப்போது கேட்டால், கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாலும் அதே அளவு அழுதிருப்பேன் என்று தோன்றுகிறது.

மணல்மேடு
காபோ புல்மோ நல்ல உதாரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊர் பிழைக்க சிங்கப்பூரிலிருந்து ஆள் போக வேண்டியதில்லை அக்கா. பக்கத்திலேயே கலிபோர்னியா இருக்கிறது. அங்கிருந்து வருகிறவர்களே போதும். நம் ஆசைக்கு அவர்கள் பிழைப்பைக் காரணம் காட்டக் கூடாது.

செம்பவாங் மகன்
எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். மணல்மேடு அண்ணன் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படின்னா நாம தொட வேணாம்ப்பா” என்றார். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: “கப்பல்ல என்ஜின் ரூம் பார்க்க விடுவாங்களா?”

கப்பல்தான் என்று முடிவு செய்துவிட்டேன். இது எங்கள் வீட்டின் ஒரே நீண்ட பயணமாக இருக்கும், இரண்டாவது முறை பறக்கப் போவதில்லை. உபின்காரி அக்கா, மக்தலேனா விரிகுடாவில் உள்ளூர் பாங்காக்காரர்களோடு போகும் கப்பலாகப் பார்த்துத்தான் பதிவு செய்வேன்.

அலைவாசி
என் கப்பலில் மாலுமிகள் நிற்கும் மேல்தளத்துக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றார்கள். என்ஜின் அறைக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். 31 வருடக் கதையையும் சேர்த்து எழுதுங்கள்.

உபின்காரி
குளிர்காலத்தில் தீபகற்பத்துக்குக் கிழக்கே உள்ள உள்கடல் பக்கம் வாடைக் காற்று திடீரென்று எழும்பும், சிறு கப்பல் நன்றாகவே ஆடும். தலைசுற்றல் மாத்திரையை முதல் நாளே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தீவில் இறங்கும் முன் செருப்பைக் கழுவித் துடையுங்கள். ஒரு விதை ஒட்டிக்கொண்டு போனாலும் அந்த மண்ணுக்கு ஆகாது.

மணல்மேடு
என் கருத்து மாறவில்லை தம்பி. அப்பாவைப் பத்திரமாகக் கூட்டிப் போய் வாருங்கள். போகும் முன் ஒரு நாள் ஜூபி லீயைக் காட்டுங்கள், நானும் வருகிறேன்.