சுரங்கமும் காடும்: தமிழில் ஆவணங்கள் தேவை

வணக்கம் நண்பர்களே. பெரம்பூரில் கல்லூரி மாணவர்களோடு ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். அடுத்த மாதம் முழுக்கக் காட்டுக்குள் வரும் சுரங்கங்களைப் பற்றித்தான் பேச்சு. அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

மதுரை பக்கத்து அரிட்டாபட்டியின் டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானது எல்லோருக்கும் தெரியும். ஒடிசாவின் நியமகிரி மலை பற்றியும் ஓரளவு கிடைக்கிறது: 2013இல் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட, 12 சபைகளும் பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கம் வேண்டாம் என்றன.

கர்நாடகத்தின் குதிரேமுக் இரும்புச் சுரங்கம் பற்றித்தான் தமிழில் சரியாக எதுவும் சிக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டும் மழையில் சுரங்க மண் கரைந்து பத்ரா ஆற்றில் வண்டலாக இறங்கியது. 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 2005 முடிவோடு இரும்புத் தாது வெட்டுவது நின்றது. காடு தப்பியது, ஆனால் சுரங்கத்தை நம்பி எழுந்த ஊரும் காலியானது. அந்தத் தொழிலாளர் குடும்பங்களின் கதையையும் மாணவர்கள் கேட்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பழைய தமிழ்ப் பத்திரிகைக் கட்டுரை, நேர்காணல் எது இருந்தாலும் அனுப்புங்கள்.

அப்புறம், ஒரு திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று சொல்லும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2006 அறிவிக்கை. சுரங்கத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் எதிலாவது கொடுத்த தமிழ்ச் சுருக்கம் யாரிடமாவது இருக்கிறதா? மாணவர்களோடு வரிவரியாகப் படித்துப் பார்க்க ஆசை.

ஓய்வுபெற்ற புவியியலாளர் யாராவது சென்னையில் இருந்தால் ஒரு சனிக்கிழமை மாலை வந்து பேச முடியுமா? தாது ஏன் தேவை என்கிற பக்கத்தையும் விவரம் தெரிந்தவர் வாயால் கேட்க வேண்டும். ஆட்டோ செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உள்பெட்டியில் எழுதுங்கள்.