வெனிவெல் கட்டையும் பெர்பரின் குளிசையும்: கண்ணால கண்டதைச் சொல்லுங்க

உப்புவெளி_வாடி:
குதிக்காலில் துருப்பிடிச்ச ஆணி, ஒரு அங்குல ஆழம். வள்ளத்தைக் கரையேத்தேக்க ஏறினது. வீட்டில உடனே கொத்தமல்லியும் வெனிவெல்லும் (மரமஞ்சள் கொடிக் கட்டை) அவிச்சுக் குடுத்து, "மஞ்சள் தண்ணி உள்ள போனா ஏற்பு (டெட்டனஸ்) வராது" எண்டு ஒரு கிழவர் அடிச்சுச் சொல்லுறார். அந்த முகத்தில இருந்த உறுதிதான் பயம். ஏற்புக் கிருமி காத்துப் படாத ஆழத்தில வளர்ந்து நஞ்சை விடுது. நஞ்சு நரம்பில ஒட்டினால் பிறகு எந்த மருந்தும் அதைக் கழட்டாது. வெனிவெல்லில இருக்கிற மஞ்சள் சத்தான பெர்பரின் ஆய்வுகூடத் தட்டில கிருமி கொல்லும், அது சரி. குடிச்சதில நூற்றில ஒரு பங்குகூட ரத்தத்துக்கு ஏறாது, குடல் சுவரே திருப்பித் தள்ளிவிடும். சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில கழுவுங்க, அண்டைக்கே ஏற்பு ஊசி.

தம்பலகாமம்_வயல்:
கசாயத்தை விடுங்க, இப்ப தலையிடி தாறது பெர்பரின் குளிசைதான். கோணேசர் கோவில் ஏத்தத்தில ஒராள் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கடை வாசலில குந்திட்டார். நீரிழிவுக்குக் கிளிக்லசைடு குளிசை போடுறவர். அதோட மகள் வெளிநாட்டில இருந்து அனுப்பின பெர்பரின் 500 மில்லிகிராம், நாளுக்கு மூண்டு. அந்த அளவு சும்மா வந்ததில்லை. 2008 இல் வந்த சீன ஆய்வில, புதுசா நீரிழிவு கண்ட 36 பேரைப் பிரிச்சு, ஒரு பகுதிக்கு இதையும் மற்றப் பகுதிக்கு வழமையான நீரிழிவுக் குளிசை மெட்ஃபோமினையும் மூண்டு மாதம் குடுத்தவை. பெர்பரின் குடிச்சவைக்கு எச்பிஏ1சி (ரெண்டு மூண்டு மாதச் சராசரிச் சீனியைக் காட்டுற ரத்தச் சோதனை) 9.5 இல இருந்து 7.5 ஆச்சு. வேலை செய்யிற சாமான் எண்டபடியால்தான் கிளிக்லசைடோட சேர்ந்தால் ரத்தத்தில சீனி கீழ விழும். மூண்டு நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடுத்து, 15 நிமிசத்தில திரும்பச் சோதியுங்க. மயங்கினவரின்ர வாயில ஒண்டும் ஊத்தாதீங்க.

கிண்ணியா_கடைத்தெரு:
சரக்குக் கடையில வெனிவெல் எண்டு குடுத்த துண்டு ஒண்டைப் பிளந்தால், விளிம்பு மட்டும் மஞ்சள், நடு வெள்ளை! சாயம் பூசின விறகு. கள்ள நோட்டுப் பார்க்கிற நீல டோர்ச்சை அடிங்க, நல்ல கட்டை மஞ்சளா ஒளிரும்.

நிலாவெளி_மூலிகை:
நானா, டோர்ச் உதவாது. மஞ்சள்தூள் பூசின விறகும் ஒளிரும். ஒரு சொட்டுச் சுண்ணாம்புத் தண்ணி விடுங்க: மஞ்சள்தூள் எண்டால் குங்குமச் சிவப்பாகும், வெனிவெல் அப்படிச் சிவக்காது. குறுக்கு வெட்டில வண்டிச் சில்லு ஆரம் மாதிரிக் கோடு நடுவில இருந்து ஓடவேணும், நுனி நாக்கில வைச்சால் கசப்பு கன நேரம் நிக்கவேணும். இது ஈரவலயக் காட்டுக் கொடி, சிங்கராஜா பக்கத்துச் சாமான். "எங்கட காட்டில வெட்டினது" எண்டு திருகோணமலையில ஆரும் வித்தால் நடந்துடுங்க.

ஆரும் கேக்கேல்லை, எண்டாலும் அவிக்கிற முறையைச் சொல்லிவிடுறன். அஞ்சு சரக்கு எண்டால் ஒவ்வொண்டும் 12 கிராம், மொத்தம் 60. கட்டையைச் சிராயாப் பிளந்து போடுங்க; முழுத் துண்டாப் போட்டால் உள்ளுக்குள்ள இருக்கிறது இறங்காது. மண்சட்டியில எட்டுக் கோப்பைத் தண்ணி, சின்ன நெருப்பில ஒரு கோப்பையா வத்தவேணும். பெரிய நெருப்பு வைச்சால் தண்ணிதான் போகும், சாறு கட்டையிலேயே நிண்டிடும். சூட்டோட வடியுங்க. ஆறினால் பெர்பரின் அடியில படியும், தெளிவை மட்டும் குடிச்சால் பாதி சட்டியில. உப்புப் போட்டால் இன்னும் படியும். சாயம் கூடின பிளேன்டீயும் அதிமதுரமும் அதே வேலைதான் செய்யும். இனிப்புக்கு அதிமதுரம் போடுற வழக்கத்தை முதல்ல விடுங்க.

மூதூர்_மருத்துவிச்சி:
சட்டிக் கணக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணா, ஆருக்குக் குடுக்கக்கூடாது எண்டதை ஏன் விட்டீங்க? பிறந்து நாலாம் நாள் பிள்ளை, கண் வெள்ளை எல்லாம் மஞ்சள். தாய்க்குத் தடிமன் எண்டு அவிச்சதில கரண்டி நுனியைப் பிள்ளையின்ர நாக்குக்குக் கொண்டு போறாங்க! பெர்பரின், ரத்தப் புரதத்தில ஒட்டியிருக்கிற பிலிருபினை, அதுதான் கண்ணை மஞ்சளாக்கிற சாமான், தள்ளிவிடும். கழண்ட பிலிருபின் மூளைக்குள்ள போகும். பிள்ளைக்கும் வேண்டாம், கர்ப்பிணிக்கும் பால் குடுக்கிறவைக்கும் வேண்டாம்.

தம்பலகாமம்_வயல்:
மூலிகை அண்ணா, 12 கிராம் நிறுத்துப் போட்டாலும் அதில பெர்பரின் எவ்வளவு எண்டு கணக்கில்லை. கொடியின்ர வயதோடையும் பருமனோடையும் மாறும். குளிசை அளவைக் கசாயத்தோட ஒப்பிடவேண்டாம். சிறுநீரகம் மாத்தி, உடம்பு அதைத் தள்ளாமல் இருக்கச் சைக்ளோஸ்போரின் மருந்து குடிக்கிறவை ரெண்டையும் தொடக்கூடாது. ஈரல் அந்த மருந்தை உடைக்கிற வேகம் குறைஞ்சு, ரத்தத்தில மட்டம் ஏறும்.